புலி ராஜாவின் மணிவிழாவும் ஏழாம் பக்கச் செய்தியும்

ஒரு காட்டில் நடந்தது என்றுதான் எனக்குச் சொன்னார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. பத்திரிகை ஒன்றில் பிழை திருத்தும் வேலையில் இருக்கும் என் அறைத்தோழன் இளவழுதி சொன்னான். அவனுக்கு மெஸ்ஸில் சாப்பிடும்போது யாரோ சொன்னார்களாம். எந்தக் காடு என்று கேட்டேன். "எதுவா இருந்தா என்னடா?" என்றான். ஆகவே காட்டின் பெயரை எழுதவில்லை.

அந்தக் காட்டில் 'காட்டொலி' என்றொரு நாளிதழ் வந்துகொண்டிருந்தது. அதன் ஆசிரியர் ஒரு கழுதை. காகிதத்தின் ருசி தெரிந்த ஒரே விலங்கு என்பதால் அதற்கு அந்தப் பதவி கிடைத்தது. நிருபர் ஒரு கீரி.

ஒருநாள் காலை கீரி மூச்சிரைக்க ஓடி வந்தது.

"சார், பெரிய ஏரிக்கரையில கசிவு! மண்ணு கரைஞ்சு மஞ்சத் தண்ணியா வருது. நாளைக்குச் சாயங்காலம் தாண்டாது. கீழ பள்ளத்துல இருக்கிற முயல் வளை பூரா மூழ்கிடும். முதல் பக்கத்துல போடணும் சார்."

கழுதை மென்றுகொண்டிருந்த பழைய பிரதியை விழுங்கியது.

"கரை உடைஞ்சிடுச்சா தம்பி?"

"இன்னும் இல்ல சார்."

"அப்புறம் எப்படிச் செய்தியாகும்? உடையப்போறது ஜோசியம். உடைஞ்சதுதான் செய்தி. உடையட்டும், பக்கத்தோட அகலம் பூரா எட்டு பத்திக்குத் தலைப்புப் போடுறேன். இங்க பாரு."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் காட்டியது. சுற்றிலும் கறுப்புக் கட்டம். 'கண்ணீரில் மூழ்கியது காடு!' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே 'பலி' என்ற சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது.

"எப்பவும் தயாரா வச்சிருப்போம். வெள்ளமோ தீயோ, எதுக்கும் பொருந்தும். எண்ணிக்கைய மட்டும் போட்டாப் போதும்."

"அந்த எண்ணிக்கை வராம இருக்கத்தானே சார் செய்தி?"

"நீ வேலைக்குப் புதுசு" என்றது கழுதை, அன்பாகத்தான். "நாளைக்கு முதல் பக்கம் நம்ம கையிலேயே இல்லப்பா. புலி ராஜாவுக்கு மணிவிழா. மேலேருந்து கீழ வரைக்கும் வாழ்த்து விளம்பரம், மந்திரி நரி கொடுத்திருக்கு. ராஜா மொகத்துக்குப் பக்கத்துல உன் சேத்துத் தண்ணிய எங்க ஊத்துறது?"

(புலி அறுபது வயது வரை வாழாது என்று எனக்கும் தெரியும். கதையில் அப்படித்தான் இருக்கிறது.)

கீரி காலில் விழாத குறையாகக் கெஞ்சியது. கடைசியில் ஏழாம் பக்கத்தில், 'காணவில்லை' அறிவிப்புக்கும் 'மணமகள் தேவை'க்கும் நடுவில் நான்கு வரி கிடைத்தது.

மனம் கேட்காமல் அது பள்ளத்துக்கே ஓடியது. அங்கே வெள்ளச்சி என்ற முயல் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. குட்டிகளுக்கு இன்னும் கண்கூடத் திறக்கவில்லை.

"அக்கா, கரை உடையப் போகுது. பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போயிடுங்க."

"பேப்பர்ல வந்திருக்கா?" என்றது வெள்ளச்சி.

"நாளைக்கு வரும்க்கா."

"அப்ப நாளைக்குப் பாக்கலாம். எங்களக் கெளப்பிவிட்டுட்டு வளையில நீ குடியேறப் பாக்குறியோ?"

மறுநாள் பேப்பர் வந்தது. முதல் பக்கம் முழுக்க ராஜா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா?" என்றது வெள்ளச்சியின் புருஷன் முயல். "கரை உடையறதா இருந்தா ராஜா இப்படிச் சிரிப்பாரா?"

முயல்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேசுவார்கள்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ராஜாவின் முகம் தரையில் கிடக்கக் கூடாது. அதனால் எல்லோரும் முதல் பக்கத்தை மட்டும் உருவி வாசலில் மாட்டிவிட்டு, உள்பக்கங்களைப் பிரிக்காமலே வீசிவிட்டார்கள். பஜ்ஜிக்கடை கரடி அவற்றை அள்ளிக்கொண்டு போனது. முதல் பக்கத்தில் கரடி ஒருநாளும் பஜ்ஜி கட்டாது. "ராஜா மூஞ்சியில எண்ணெ பட்டா, அப்புறம் என் தோல விரிச்சு ராஜா உக்காந்துக்குவாரு" என்று சொல்லும்.

மதியம் வெள்ளச்சிக்குப் பிள்ளை பெற்ற பசி. கரடி கடைக்குப் போய் வாழைக்காய் பஜ்ஜி வாங்கியது. தின்றுவிட்டுத் தாளில் கை துடைக்கப் போனபோது, எண்ணெய் ஊறிய இடத்தில் எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

'பெரிய ஏரிக்கரையில் கசிவு. பள்ளத்தில் வசிப்போர் மேட்டுக்குச் செல்வது நல்லது.'

"கரடி அண்ணே! இது இன்னைக்குப் பேப்பரா?"

"ஆமா தாயி. பஜ்ஜியும் இன்னைக்குப் போட்டதுதான்."

வெள்ளச்சி பறந்தது.

"ஏய், எல்லாரும் வெளிய வாங்க! கீரி சொன்னது நெசம். பேப்பர்லயே போட்டுட்டான்!"

"எந்தப் பக்கத்துல?" என்றது புருஷன்.

"பஜ்ஜி சுத்துன பக்கத்துலய்யா! குட்டியத் தூக்கு!"

கடைசிக் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு வெள்ளச்சி மேட்டில் ஏறவும் கரை உடையவும் சரியாக இருந்தது. பள்ளம் நிரம்பியது. வாசல்களில் மாட்டியிருந்த ராஜாக்கள் எல்லாம் சிரித்தபடியே மிதந்து போனார்கள்.

அலுவலகத்தில் கழுதை கறுப்புக் கட்டத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

"எத்தனை?"

"யாருமே சாகல சார்!" என்றது கீரி. சந்தோஷத்தில் அதற்கு அழுகை வந்துவிட்டது.

கழுதையின் காதுகள் தொங்கின. "ஒரு கிழட்டு முயல்கூடவா இல்ல?"

"யாரும் பலியில்லன்னே போடலாமே சார்."

"சைபரை எட்டு பத்தியில போட்டா சிரிப்பாங்க தம்பி."

கழுதை கறுப்புக் கட்டத்தைச் சுருட்டி மெல்ல மென்று தின்றது. தின்னத் தின்ன அதற்கு யோசனை வந்தது. மறுநாள் முதல் பக்கத்தில், எட்டு பத்தியில், இப்படி வந்தது: 'காட்டொலி செய்தி எதிரொலி! முயல்கள் உயிர் தப்பின!' கீழே ராஜா கழுதைக்கு மாலை போடும் படம்.

"சார், நம்ம செய்தி ஏழாம் பக்கத்துல நாலு வரிதானே வந்துச்சு?"

"முதல் பக்கத்துல போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? எடுத்து மாட்டியிருப்பாங்க. எவனாவது படிச்சிருப்பானா? அதெல்லாம் யோசிச்சுத்தான்டா ஏழாம் பக்கத்துல போட்டேன்."

கீரி அடுத்த செய்தியைத் தேடிக் கிளம்பியது. யோசித்துப் பார்த்தால் கழுதை சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது.

நீதி: உயிர் பிழைக்க விரும்புகிறவர்கள் பத்திரிகை வாங்க வேண்டாம், பஜ்ஜி வாங்கினால் போதும்.

இந்த நீதியை எழுதிய பிறகு ஒரு சந்தேகம் வந்து சரிபார்த்தேன். அச்சு மை உடம்புக்குக் கேடு என்பதால் பலகாரத்தைச் செய்தித்தாளில் கட்டக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது.