பட்டாளம் காத்த தெருவும் பால் வாங்கப் போன உன் அக்காவும்

அன்பும் அதட்டலும் நிறைந்த மைத்துனருக்கு உன் அத்தான் எழுதுவது. நான் நலம், வீட்டுச் சுவர்களும் நலம். உன் அக்காவின் நலத்தை நீதான் எனக்கு எழுத வேண்டும்; காரணம் கீழே வருகிறது.

மாப்பிள்ளை, "போலீஸ்காரர்கள் தொப்பை வளர்க்கத்தான் லாயக்கு, தெருவைப் பட்டாளத்திடம் கொடுத்துப் பார்" என்று விருந்துக்கு வரும்போதெல்லாம் உன்னைச் சீண்டுவேனே, நடந்தேவிட்டது! உன்னையும் உன் ஸ்டேஷன்காரர்களையும் பக்கத்து ஊருக்கு மாற்றிய மறுநாளே ராணுவம் வந்து இறங்கியது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என்ற முறையில் மனுப் போட்டவனே நான்தான். லாரியிலிருந்து அவர்கள் குதித்த அழகில் உடம்பு சிலிர்த்து நானும் ஒரு சல்யூட் வைத்தேன், கையிலிருந்த டீ நெஞ்சில் கொட்டியது, அதைக்கூடத் துடைக்கவில்லை. மாடி வீட்டு வாத்தியார் துணி காயப்போட்டால் கீழ் வீட்டுத் தையல்காரரின் புதுத் துணியில் தண்ணீர் சொட்டுமே, நீ வந்தால் டீ குடிப்பாய், இருவரையும் ஒரு சத்தம் போடுவாய், முடிந்தது. ராணுவ அதிகாரி அப்படியா? "இதுல எதிரி யாரு?" என்று கேட்டார். இருவரும் ஒருவரையொருவர் காட்டினார்கள். உடனே மாடிப்படி நடுவில் முள்கம்பிச் சுருள், இரு பக்கமும் மணல்மூட்டை! வாத்தியார் இப்போது பின்பக்கம் ஏணி வைத்து இறங்கிப் பள்ளிக்கூடம் போகிறார். தண்ணீர் மட்டும் முன்போலவே சொட்டுகிறது.

அடுத்தது ரகசியச் சொல். தெருவுக்குள் நுழைய அதைச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு ஒருவருக்குத்தான் தெரிவிப்பார்கள். எங்கள் வீட்டில் அது நான். காலையில் பால் வாங்கித் திரும்பிய உன் அக்காவைச் சிப்பாய் மறித்துவிட்டான்.

"ரகசியச் சொல்லு சொல்லுங்கம்மா."

"என் வீட்டுக்குப் போக என்னடா சொல்லு?" என்றவள் பால்கனியில் நின்ற என்னை அண்ணாந்து பார்த்தாள். "ஏங்க, அதைச் சொல்லித் தொலைங்களேன்!"

ராணுவ ரகசியம் மாப்பிள்ளை! முடியாது என்று தலையை ஆட்டினேன். தெருவே பார்த்தது, எனக்கு ஒரே பெருமை. "அப்ப காப்பியையும் உங்க பட்டாளத்தையே போடச் சொல்லுங்க" என்று பால் பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு உன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். கேட்பாரற்றுக் கிடந்த பாக்கெட்டை வெடிகுண்டாக இருக்கும் என்று சுற்றிக் கயிறு கட்டினார்கள். சோதித்து முடிப்பதற்குள் பால் திரிந்துபோனது.

ஆனாலும் நான் அசரவில்லை. பட்டாளம் இங்கேயே நிரந்தரமாக இருக்க இன்னொரு மனு தயார். கடமைதான் பெரிது என்று உன் அக்காவிடம் சொல். கொஞ்சம் தள்ளி நின்று சொல். உன் தொப்பையும் தொப்பியும் குறைவின்றி விளங்க வாழ்த்தும்,

உன் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டப் போனபோது அந்த அதிகாரியே கதவைத் தட்டினார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "சார், எங்களுக்கு எதிரின்னா என்ன செய்யணும்னு தெரியும். இங்க எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரங்களா இருக்காங்க. வாத்தியார் ஏணியிலேருந்து விழுந்துட்டாரு, கம்பியைத் தாண்டிப் போய் அந்தத் தையல்காரர்தான் கட்டுப் போடுறாரு. இப்ப நான் யாரைப் பிடிக்கிறது? உங்க மைத்துனர் எப்ப வருவாரு?" என்றார். மனுவைக் கிழித்துவிட்டேன். உடனே கிளம்பி வா, உன் அக்காவையும் அழைத்து வா. அவள் இல்லாத வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை மாப்பிள்ளை. ரகசியச் சொல் "கத்தரிக்கோல்". அவளிடமே சொல்லிவிடு, யார் கேட்டாலும் நான்தான் சொன்னேன் என்று சொல்லட்டும்.