அறை வெப்பத்தில் ஆறு கோடுகள்

ஆய்வுக்கூடத்துக்குள் தின்பதற்கு எதுவும் கொண்டுவரக் கூடாது என்ற அறிவிப்பைக் கதவில் ஒட்டியவளே நான்தான். அதனால் இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

காரைக்குடியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். ஒற்றை மூலக்கூறே குட்டிக் காந்தமாக நடந்துகொள்ளும் பொருள்கள் உண்டு. கோபால்ட் சேர்த்து அப்படி ஒன்றைச் செய்திருந்தேன். அதைக் காந்தப்புலத்தில் வைத்து நுண்ணலையைச் செலுத்தினால், ஜோடியில்லாமல் நிற்கும் எலக்ட்ரான்கள் திரையில் கோடுகளாகத் தெரியவேண்டும். இத்தகைய பொருள்கள் பெரும்பாலும் கடுங்குளிரில்தான் வாய் திறக்கும். என்னுடையது மூன்று வருடமாக அங்கேயும் திறக்கவில்லை. (பேசாமல் பி.எட். படித்திருக்கலாம்.)

ஒருநாள் சும்மா அறை வெப்பத்திலேயே வைத்துப் பார்த்தேன். பளிச்சென்று ஆறு கோடுகள். யாருக்கும் கிடைக்காதது எனக்குக் கிடைத்துவிட்டது என்று முடிவு கட்டி, பள்ளத்தூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அத்தாவுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் என் கருத்தரங்குக்கு அத்தாவே பால்கோவா டப்பாவோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நான் உலகத்தையே மாற்றப்போகிறவள் மாதிரி பேசி முடித்தேன். என் வழிகாட்டி மேடம் மெதுவாகக் கேட்டார்.

"கோபால்ட்னா எட்டு கோடுல்ல வரணும், நிஷா? ஆறு மாங்கனீசுக்குத்தான் வரும். அது எப்படி உள்ள வந்துச்சு?"

நான் அளந்த மாதிரிப் பொடியின் குப்பியை எடுத்து நீட்டினேன். மேடம் திறந்தார். முகர்ந்தார்.

"ஏலக்காய் வாசம் வருதே."

பொடி அரைக்கும் சின்னக் கல்வத்தில்தான் தினமும் என் டீக்கு ஏலக்காய் நுணுக்கினேன். ஏலக்காயில் மாங்கனீசு ஏராளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அரங்கமே சிரித்தது. எனக்குத் தரை பிளக்காதா என்றிருந்தது.

அத்தா எழுந்தார். "மேடம், எம்மக படிப்புக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஒண்ணும் ஆகாதுங்க. அச்சுல வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுருச்சு. கல்வத்தக் கழுவிட்டுத் திரும்ப அளந்தாப் போதும்" என்ற மேடம், டப்பாவை வாங்கி முதல் துண்டைத் தானே எடுத்துக்கொண்டார்.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். "மூணு வருசமா ஒண்ணுமே தெரியலன்னு சொன்ன. இன்னைக்கு ஏலக்காயாச்சும் தெரிஞ்சுச்சே, விடும்மா" என்றார் அத்தா.

அடுத்த வருடம், கடுங்குளிரில், என் மூலக்கூறு நிஜமாகவே வாய் திறந்தது. பட்டமும் வாங்கினேன். ஆனாலும் எங்கள் வீட்டில் யார் நல்ல சேதி கொண்டுவந்தாலும் அத்தா கேட்கும் முதல் கேள்வி மாறவில்லை. சென்ற மாதம் தம்பிக்குப் பெண் அமைந்துவிட்டதென்று தரகர் வந்தபோதும் கேட்டார்:

"சந்தோசம். கல்வத்தக் கழுவிட்டுத்தான சொல்றீக?"