இரைச்சல் நீக்கிய இடிமுழக்கம்

காது மெஷின் கடைக்காரர் அன்று காலை எழுந்து நின்று ஓர் அறிவிப்பு செய்தார். உட்கார்ந்தபடியே சொல்லியிருக்கலாம். கேட்பதற்கு வீட்டில் இருந்தது ஒரே ஓர் ஆள், அதுவும் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி. ஆனால் சரித்திரம் படைப்பவர்கள் நின்றுகொண்டுதான் படைப்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது.

"இடிமுழக்கம் திரும்பி வரப்போகுது!"

"எது? அந்தப் பழைய கேசட்டா?"

"கேசட்னு சொல்லாதே. பொக்கிஷம்! சுத்தம் பண்ணி, மெருகேத்தி, மறுபடி வெளியிடப்போறேன். இந்தத் தலைமுறை நிஜமான ராக் மியூசிக் கேட்டதே இல்லை."

"அதான் நிம்மதியா இருக்கு," என்றாள் அவள்.

அது அவருக்குக் கேட்கவில்லை. அவருக்கு எதுதான் கேட்டது?

விஷயம் இதுதான். மீசை அரும்பின வயசில் இந்த மகானுபாவர் இரண்டு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, ஒரு மாடி அறையில் சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் பூரா முட்டை அட்டை ஒட்டி, 'இடிமுழக்கம்' என்று ஒரு குழு நடத்தினார். கிடார் வாசித்தவர் பெயர் தாடி. பிஸ்கட் டப்பாக்களைக் கவிழ்த்துப்போட்டு டிரம்ஸ் அடித்தவர் பெயர் டப்பா. பாடியது இவர். பாடினார் என்று நான் சொல்லவில்லை, அவர் சொல்கிறார். பத்துப் பாட்டை ஒரு டேப் ரெக்கார்டரில் பிடித்தார்கள். விரும்பிக் கேட்டவர் உலகத்தில் ஒருவர்கூட இல்லை. விரும்பாமல் கேட்டவர்கள் கீழ்வீட்டுக்காரர்கள். அந்த வீட்டுப் பெண்தான் பாட்டு ஆரம்பித்ததும் தரை துடைக்கிற கட்டையை எடுத்துக் கூரையில் டொக் டொக்கென்று இடிப்பாள். ஒருநாள் அவளோடு சண்டை போடக் கீழே இறங்கி வந்த இவர், சம்பந்தம் பேசிவிட்டுப் போனார். மாடிச் சத்தம் வீட்டுக்குள்ளேயே குடிவந்த கதை அது.

அவள் இப்போது டிரைவிங் ஸ்கூல் டீச்சர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு, ஊரையே ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். வீட்டில்தான் பிரேக் பிடிக்கவில்லை. ராக் பாடிப் பாடியே புருஷனுக்குக் காது மந்தம். ஊருக்கெல்லாம் காது மெஷின் விற்பார், தான் மாட்டிக்கொள்ள மாட்டார்.

"காலைல இருந்து 'பிரேக்கை மிதி, பிரேக்கை மிதி'ன்னு கத்தறேன். சாயங்காலம் வந்தா 'சாப்பிட வாங்க, சாப்பிட வாங்க'ன்னு கத்தறேன். தொண்டை கிழியுதுங்க. கடைல கண்ணாடிப் பெட்டி நிறைய மெஷின் வெச்சிருக்கீங்களே, ஒண்ணை எடுத்து மாட்டினா என்ன?"

"எனக்கெதுக்கு? நான் ஒரு பாடகன். பாம்பு ஊர்ற சத்தம்கூட என் காதுக்குக் கேட்கும்!"

"பின்னாடி குக்கர் அலறுது."

"என்னது?"

அவளே எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள்.

கேசட் ஸ்டுடியோவுக்குப் போயிற்று. அங்கே இருந்த மிக்ஸிங் பெண் நாடாவைத் துடைத்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, கழுத்தில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாடம் நடத்தினாள்.

"எது இரைச்சல்னு நீங்கதான் சார் காட்டணும். அது மட்டும் தனியா வர்ற இடம் கொஞ்சம் போதும். மெஷின் அதைக் கத்துக்கும். அப்புறம் அது மாதிரி எங்கெல்லாம் வருதோ, அத்தனையும் துடைச்சு எடுத்துடும்."

"முதல்ல அந்த டொக் டொக்கை எடும்மா!"

"எந்த இடத்துல தனியா வருது? கேட்டுச் சொல்லுங்க."

ஹெட்போனை மாட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். பெரிய வித்வான் மாதிரி தலையை ஆட்டினார். டொக்கும் கேட்கவில்லை, ஒரு மண்ணும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் கௌரவம் என்னாவது? "இந்தச் சில்லறை வேலைக்கெல்லாம் வீட்ல ஆள் இருக்கு," என்று சொல்லிவிட்டு வந்தார்.

வீட்டில் இருந்த ஆளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நான் தட்டினது இரைச்சலா?"

"பின்னே சங்கீதமா? உன்னாலதான் இடிமுழக்கம் உலகப் புகழ் அடையலை. பத்துப் பாட்டையும் கெடுத்துவெச்சிருக்கே!"

"பத்துப் பாட்டுலயும் தாளம் தப்பாம இருந்தது அது ஒண்ணுதாங்க."

"பொறாமை. சுத்தப் பொறாமை. போய் அந்தப் பொண்ணுகிட்ட எது இரைச்சல்னு காட்டிட்டு வா. உன் கைவண்ணம் உனக்குத்தானே தெரியும்?"

"எது இரைச்சலோ அதைக் காட்டணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்."

"காட்டிட்டு வரேன்," என்றாள் மிகவும் மெதுவாக. காது கேட்கிற ஆம்பிளையாக இருந்தால் அந்த மெதுவைக் கேட்டே நடுங்கியிருப்பான். இவர் பேப்பரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

அவள் போனாள். இரண்டாவது பாட்டில் கிடாரும் டப்பாவும் ஓய்ந்து, இவர் மட்டும் தனியாக நீட்டி முழக்குகிற இடத்தைக் காட்டினாள்.

"ஆன்ட்டி, இது சார் பாடறது."

"அப்படியா? நீயே நல்லா கேட்டுப் பாரும்மா."

மிக்ஸிங் பெண் கேட்டாள். கொஞ்ச நேரத்தில் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தடவிக்கொண்டாள். "சரி ஆன்ட்டி," என்றாள்.

"பழசையும் அப்படியே ஒண்ணு பத்திரமா வை. அவரா கண்டுபிடிச்சாருன்னா திருப்பிக் குடுத்துடலாம்."

கண்டுபிடிப்பாராம்! முடிந்த வேலையைச் சரிபார்க்க வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? முதல் பாட்டு ஆரம்பித்த உடனே கூடவே தொண்டை கிழியப் பாட ஆரம்பித்துவிட்டார். பத்துப் பாட்டும் பாடித் தீர்த்தார். தன் குரலைத் தானே கேட்டுக்கொண்டு, ரெக்கார்டில்தான் கேட்கிறது என்று புல்லரித்துப்போனார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஓகேவா சார்?" என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஓகேவாவா? குரல் கண்ணாடி மாதிரி இருக்கும்மா! வெளியீட்டுக்கு நீயே வந்து போட்டுக்காட்டணும்."

வெளியீடு அவர் கடையிலேயே நடந்தது. காது பரிசோதனைக்குக் காத்திருக்கிற நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். தாடி வந்தார். தாடியும் இல்லை, தலையிலும் ஒன்றும் இல்லை. டப்பா வந்தார். மனைவியிடம் வண்டி பழகுகிறவர்கள் பின்வரிசையில் நின்றார்கள். முன்வரிசை முழுக்க வாடிக்கையாளர்கள், அத்தனை பேர் காதிலும் இவர் விற்ற மெஷின்.

"இசை வரும், போகும். ஆனால் குரல் என்பது ஒன்றுதான்! குறிப்பாக இரண்டாவது பாட்டில் நான் மேலே ஏறி, அங்கேயே நின்று, இறங்க மறுக்கிற இடத்தைக் கவனியுங்கள்," என்று பேசிவிட்டுக் கையை உயர்த்தினார். மிக்ஸிங் பெண் பொத்தானை அழுத்தினாள்.

கிடார் வந்தது. டப்பா வந்தது. டொக் டொக் என்று கணீரென வந்தது. பின்வரிசை தாளம் போட ஆரம்பித்தது. முன்வரிசையில்தான் என்னவோ ஆயிற்று. ரிட்டயர்டு நீதிபதி தன் மெஷினைக் கழற்றி ஊதினார். பக்கத்து அம்மாள் பேட்டரியை மாற்றினாள். இன்னொருவர் மெஷினைத் தொடையில் தட்டினார்.

நீதிபதி எழுந்தார். "என்னய்யா மெஷின் வித்திருக்கே? எல்லாம் கேட்குது, உன் பாட்டு மட்டும் கேட்கலை!"

"எனக்கும் கேட்கலை!" என்றாள் அந்த அம்மாள். "போன வாரம்தான் மாட்டினேன். திருப்பி எடுத்துக்கோ!"

"எனக்கும்! எனக்கும்!"

கடைக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. மெஷின் பழுது என்றால் நாளைக்குக் கடைக்குப் பூட்டு. மெஷின் நல்லது என்றால் ரெக்கார்டில் குரல் இல்லை, குரல் இல்லாத ரெக்கார்டைக் கண்ணாடி என்று மெச்சிக்கொண்டவர் முழுச் செவிடு. பாவம் என்று சொல்லத் தோன்றுகிறதா? எனக்குத் தோன்றவில்லை.

மனைவி கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, ஒரு மெஷினை எடுத்து, பேட்டரி போட்டு அவர் கையில் வைத்தாள்.

"மாட்டிக் கேட்டுட்டு நீங்களே சொல்லிடுங்க. கடைக்காரரே சொன்னா எல்லாரும் நம்புவாங்க."

அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓட வழியில்லை. மாட்டினார். மாட்டிய உடனே வெளியே போகிற ஆட்டோ, தலைக்கு மேல் சுற்றுகிற ஃபேன், பின்வரிசையின் சிரிப்பு எல்லாம் ஒன்றாக வந்து காதில் விழுந்தது. கிடார் கேட்டது. டொக் டொக் கேட்டது. குரல் இல்லை.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு," என்றார், வாய்க்குள்ளேயே.

"சத்தமா சொல்லுய்யா!" என்றார் நீதிபதி.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு! ரெக்கார்டுலதான் என் குரல் இல்லை!"

முன்வரிசை அமைதியாக உட்கார்ந்தது. கடை தப்பியது. கடைக்காரர் மனைவி பக்கம் திரும்பினார். முகம் பழுத்த மிளகாய்.

"என் குரல் எங்கேடி?"

"கத்தாதீங்க, இனிமே மெதுவா பேசினாலே கேட்கும். பழசு அப்படியே பத்திரமா இருக்கு. போடச் சொல்லட்டுமா?"

"போடச் சொல்லு! முழுசாப் போடச் சொல்லு! அப்ப தெரியும், யார் பாடகன்னு!"

மிக்ஸிங் பெண் பழசைப் போட்டாள். அவர் மார்பில் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணை மூடி, தன் குரலுக்காகக் காத்திருந்தார். காதில் மெஷினோடு ராக் கேட்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. முகம் மலர்ந்தது. சட்டென்று சுருங்கியது. இன்னும் சுருங்கியது. பொறுக்க முடியாமல் கையைத் தூக்கினார்.

"நிறுத்து, நிறுத்து! என் குரல் வர்றதுக்கு முன்னாடியே எவனோ கதவிடுக்குல விரல் மாட்டின மாதிரி அலறிக்கிட்டே இருக்கானே! அந்த இரைச்சலை எடுத்துட்டுப் போடக்கூடாதா?"

"எடுத்துட்டுத்தாங்க முதல்ல போட்டோம்," என்றாள் மனைவி.