தைரியராஜ் இருக்கும் இடம்

சிதம்பரத்தில் ஓர் இதய மருத்துவரின் காத்திருப்புக் கூடத்தில், தூணுக்குப் பின்னால், முகக்கவசத்தைக் கண்வரை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த கடலூர் தைரியராஜ், "பிச்சாவரத்தில் இருக்கிறேன்" என்று ஃபேஸ்புக்கில் பதிந்தார்.

பத்து நாளாக நெஞ்சுவலி. கடலூரில் காட்டினால் ஊருக்கே தெரிந்துவிடும். மகள் நித்யா மேரியின் கல்யாண அறிவிப்பான ஓலையைப் பங்குக் கோயிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. நாளை மூன்றாவது, கடைசி ஓலை. அப்பனுக்கு நெஞ்சில் கோளாறு என்றால் சம்மந்தி தேதியைத் தள்ளிவிடுவார். அதைவிட, மனைவி இன்னாசிமேரி தாங்கமாட்டாள். அவருக்கே பயம்தான். தைரியமெல்லாம் பேரோடு சரி.

இன்னாசிமேரி அவருடைய பக்கத்தை ஒரு நாளைக்கு நாலு தடவை பார்ப்பாள். நண்பர்களோடு படகு சவாரி என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

உடனே போன் அடித்தது. பிச்சாவரத்தை ஒட்டிய கிள்ளையில் இருக்கும் மைத்துனன் ஆண்ட்ரூ.

"மாமா, நானும் பிச்சாவரம் படகுத்துறையிலதான் நிக்கறேன். எங்க இருக்கீங்க? எறா வாங்கியிருக்கேன், வூட்டுக்கு வாங்க!"

"அடடா, கெளம்பிட்டனேடா!"

கிளம்பியதற்கு அத்தாட்சி வேண்டாமா? அவசரமாக இடத்தை மாற்றினார். விரலுக்கு அகப்பட்டது ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி கோயில்.

அடுத்து சம்மந்தி கூப்பிட்டார்.

"என்னங்க சம்மந்தி, நாளைக்கி ஓலை வாசிக்கணும், நீங்க பெருமாள் கோயில்ல நிக்கறீங்க? பங்குச் சாமியாரு பார்த்தா என்னா சொல்லுவாரு? வேண்டுதலா? வூட்ல ஏதாச்சும் பிரச்சனையா?"

தைரியராஜ் முகக்கவசத்துக்குள்ளேயே குரலைத் தாழ்த்தினார்.

"ஐயோ, அதெல்லாம் இல்லிங்க! கை தவறி அமுங்கிடுச்சி. கடலூர்லதான் இருக்கேன்."

மறுபடியும் மாற்றினார். மஞ்சக்குப்பம் மைதானம். மாற்றிய பிறகுதான் பாழாய்ப்போன புத்திக்கு உறைத்தது. காலையில் இன்னாசிமேரியும் ஒரு பதிவு போட்டிருந்தாள்: "மஞ்சக்குப்பம் தையல் கடையில், மகளின் கல்யாண ஜாக்கெட்டுக்காக."

நினைத்து முடிப்பதற்குள் அவளே கூப்பிட்டாள்.

"ஏங்க, மஞ்சக்குப்பத்துலயா இருக்கீங்க?" குரல் நடுங்கியது. தொலைந்தோம் என்று அவர் தூணோடு ஒட்டிக்கொண்டார்.

"ஆமா மேரி, இப்பதான் வந்தேன். நீ கடையிலதான் இருக்கியா?"

"இருக்கேன், இருக்கேன். ஆனா நீங்க இங்க வந்துடாதீங்க! பொம்பளைங்க கூட்டம் ஜாஸ்தி."

அப்பாடா! மாதாவே காப்பாற்றினாள் என்று அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"சரி சரி, வரல. நீ மெதுவா முடிச்சிட்டு வா."

அப்போது மருத்துவரின் அறைக் கதவு திறந்தது. நர்ஸ் கையிலிருந்த சீட்டுகளைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டாள். அந்தக் குரல் கூடத்திலும் கேட்டது, அவர் காதிலிருந்த போனிலும் கேட்டது.

"கடலூர் தைரியராஜ்! அடுத்து கடலூர் இன்னாசிமேரி! ஏங்க, ரெண்டு பேருக்குமே தொணைக்கி வூட்லேர்ந்து யாரும் வரலியா?"