மேனேஜருக்கு எழுதிய தாள்

பெருமதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. அங்கே தாங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உங்களிடம் பொய் எழுதிப் பழக்கமில்லை. நாய் மட்டும் சௌக்கியம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் (என் மகள்தான், ஆனால் கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்று அவள் அடம்பிடித்தபோது என்னை உட்காரவைத்து மூன்று மணி நேரம் பேசிச் சம்மதிக்க வைத்தவர் நீங்கள் என்பதால் இந்தக் கடிதம் முடியும்வரை அவள் உங்கள் மகள்) ஆறு வருடமாகப் பார்க்கிற டாக்டர் வேலையை விட்டுவிட்டு எழுதப் போகிறாளாம். கதை, கவிதை என்றாலாவது நாலு பேரிடம் சொல்லிச் சமாளிக்கலாம். பூனைக்கு மாத்திரை கொடுப்பது எப்படி என்று எழுதப் போகிறாளாம். கால்நடை மருத்துவமனைகளுக்குக் கையேடுகள் தயாரிக்கிற ஒரு நிறுவனம் முழுநேர வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. வருகிற திங்கட்கிழமைக்குள் இவள் பதில் சொல்ல வேண்டும். நம் வீட்டு வாசலில் 'டாக்டர்' என்று போட்டுப் பலகை மாட்டியிருக்கிறேன், எட்டுத் திருகாணி. அதைக் கழற்றுகிற அன்றைக்கு எதிர்வீட்டுத் தையல்காரர் வேலையெல்லாம் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்ப்பார். இவள் இதைச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. அன்றிலிருந்து நான் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று வியாழன்.

இந்த எழுத்து வியாதி எப்படிப் பிடித்தது என்று கேட்பீர்கள். அவள் வேலை பார்க்கிற மருத்துவமனை டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே சுத்தியல் சத்தம், மேலே குரைப்புச் சத்தம். நடுவில் நின்று டாக்டர் சொல்வது யார் காதிலும் விழாது. எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் இவள் ஒவ்வொரு பிராணிக்கும், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தாள். அங்கேதான் வினை. ஒரு தம்பதி, தங்கள் கிளி இறகைப் பிடுங்கிக்கொள்கிறது என்று கொண்டுவந்தார்கள். 'கூண்டுக்கு முன்னால் சண்டை போட வேண்டாம்' என்று இவள் எழுதிக் கொடுத்தாள். அவர்களும் சொன்னபடி நிறுத்திவிட்டார்கள். பதினைந்தாம் நாள் கிளி ஊமையாகிவிட்டது என்று திரும்பவும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதற்குத் தெரிந்த பேச்செல்லாம் அந்தச் சண்டையில் கற்றுக்கொண்டதுதானாம். அடுத்து நம் தையல்காரர். அவருடைய பூனைக்கு மாத்திரை கொடுக்க ஒன்பது வரியில் எழுதிக் கொடுத்தாள். எட்டாவது வரி, 'துப்பிவிட்டால் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கவும்'. மனிதர் வரி பிசகாதவர். பதினோரு முறை முதல் வரிக்குப் போய்விட்டு, கை முழுக்கக் கீறலோடு நம் வீட்டுக் கதவைத் தட்டி, "ஒன்பதாவது வரிக்கு எப்பம்மா போகலாம்?" என்று கேட்டார்.

இதெல்லாம் ஊரார் பிராணிகள் விஷயம் என்று விட்டுவிடலாம். வினை நம் வீட்டுக்குள்ளும் வந்தது. நம் நாய்க்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் வேலை செய்வதை உட்கார்ந்து பார்ப்பது தவிர அவன் வேறெதுவும் செய்வதில்லை. அந்த மருத்துவமனையில் ஒரு வழக்கம், பிராணியின் பெயரை எழுத மாட்டார்கள். அழைத்து வந்தவர் பெயரில்தான் கோப்பு. முதல் தடுப்பூசிக்கு நான் கூட்டிப்போனதால் மேனேஜர் அங்கே என் பெயரில் இருக்கிறான். என் பெயரைக் கூப்பிட்டால் நாங்கள் இருவரும் எழுந்திருப்போம்.

போன மாதம் மகள் மூன்று வாரம் தடுப்பூசி முகாமுக்காக வெளியூர் போனாள். போகும்போது மேனேஜருக்கான தாளை மருத்துவமனை வழக்கப்படியே எழுதி, அம்மாவுக்காகச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அதே வாரம்தான் நானும் என் மூட்டு வலிக்காக டாக்டரிடம் போனேன். அவர் எழுதிக் கொடுத்த சாப்பாட்டுக் கட்டுப்பாட்டுக் காகிதத்தைச் சட்டைப்பையில் பத்திரமாக மடித்து வைத்து, அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டுவிட்டேன். தற்செயல்தான், நம்புங்கள். உங்கள் தம்பி மனைவி காகிதம் எங்கே என்று தேடி, மேசைமேல் இருந்ததை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். நான் பார்த்துவிட்டு, "இது என்னுதில்லையே" என்றேன். "மேல உங்க பேர்தான் இருக்கு. ஆண், எடை அதிகம், மூட்டு வலி, சோம்பல், குறட்டை. இந்த வீட்டுல வேற யாரு?" என்றாள். எண்ணிப் பார்த்தேன், ஐந்தும் நான்தான்.

மூன்று வாரம், அண்ணா. 'சாப்பாட்டை அளந்து இரண்டு வேளை மட்டும் வைக்கவும். கெஞ்சுவதுபோலப் பார்த்தாலும் மனம் இளக வேண்டாம்.' இளகவில்லை. என் தட்டில் குறைத்ததை வீணாக்கக் கூடாது என்று மேனேஜருக்குப் போட்டாள். 'சோபாவில் ஏற விட வேண்டாம்.' எனக்கு மர நாற்காலி வந்தது, சோபாவில் மேனேஜர். 'காலையும் மாலையும் அரை மணி நடை. கண்ட இடத்தில் நின்றால் மெல்ல இழுத்துக்கொண்டு போகவும்.' தையல்காரரிடம் இரண்டு வார்த்தை பேச நின்றால் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். பேருந்துப் பணிமனையில் முப்பத்து நான்கு வருடம் நேரக் காப்பாளராக இருந்து எத்தனையோ வண்டிகளை விரட்டியிருக்கிறேன். என்னை ஒருவர் இப்படி விரட்டியது இதுதான் முதல் தடவை. கடைசியாக ஒரு வரி: 'சொன்ன பேச்சைக் கேட்டால் அந்த நொடியே பாராட்டித் தலையைத் தடவிக் கொடுக்கவும். தாமதித்தால் எதற்கென்று புரியாது.' முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் இல்லாத வழக்கமாக, நான் இரண்டாவது ரொட்டி வேண்டாம் என்று சொன்னபோதெல்லாம் அவள் என் தலையைத் தடவி, "சமத்து" என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது என்பதை உங்களிடம் மறைப்பானேன்.

போன சனிக்கிழமை மகள் திரும்பி வந்தாள். வந்ததும் நாயைப் பார்த்தாள். "மேனேஜர் இன்னும் ரெண்டு கிலோ ஏறியிருக்கான். தாள் எழுதி வெச்சிட்டுத்தானேம்மா போனேன்?" அவள் அம்மா, "வரிக்கு வரி செஞ்சேன்டி. அப்பாவைப் பாரு, எப்படி இளைச்சிட்டாரு" என்றாள். மகள் தாளை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கமும் எழுதியிருக்கிறாள். அதை யாரும் பார்க்கவே இல்லை. 'வால் ஆட்டுவது குறைந்தால் உடனே எனக்குச் சொல்லவும்.' உங்கள் தம்பி மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பத்து நிமிஷம் உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. எழுத்தினால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய கேடு வரும் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? எனக்கு நாலு கிலோ குறைந்ததும், மாடிப்படி ஏறினால் இப்போது முட்டி வலிக்காததும் வேறு விஷயம்.

மறுநாள்தான் அந்த வேலையைப் பற்றிச் சொன்னாள். நான் கத்தினேன். அவள் கத்தவில்லை. "போன வருஷம் ஒருத்தர் முயல் கொண்டுவந்தாருப்பா. எந்த மருந்து எப்பன்னு மூணு தடவை சொன்னேன். தலையை ஆட்டினாரு. நானும் சரின்னு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வீட்டுல போய் மாத்திக் கொடுத்துட்டாரு. முயல் செத்துப்போச்சு. ஊசி போட நான் இல்லாட்டி இன்னொருத்தர் இருக்காங்க. புரியிற மாதிரி எழுதத்தான் ஆள் இல்ல." எழுந்து மாடிக்குப் போய்விட்டேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. நேரக் காப்பாளர் என்றால் என்ன வேலை என்று முப்பத்து நான்கு வருடம் பார்த்தவர்களுக்கெல்லாம் விளக்கியிருக்கிறேன். அப்படியும் யாருக்கும் புரிந்ததில்லை. டாக்டர் என்றால் விளக்கவே வேண்டாம். என் பெண்ணும் ஆயுசு முழுக்க விளக்கிக்கொண்டு நிற்க வேண்டுமா? ஆகவே தாங்கள் தயவுசெய்து இந்தக் கடிதம் கண்டவுடன், திங்கட்கிழமைக்குள் வந்து சேரும்படி, அவளுக்குக் கண்டிப்பாக மூன்று பக்கத்துக்குக் குறையாமல் எழுதவும். நீங்கள் சொன்னால் கேட்பாள். நான் சொல்லிக் கேட்கமாட்டாள், தவிர நான்தான் பேசுவதில்லையே.

அண்ணிக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் ஆசிகளையும் சொல்லவும். மேனேஜர் தன் பங்குக்கு சோபாவிலிருந்து பார்க்கிறான்.

தங்கள் அன்புள்ள,
தம்பி

பி.கு.: உறை தேடி மேசை இழுப்பறையைத் திறந்தேன். என் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் ஒரு தாள் இருந்தது, மகள் கையெழுத்து. மேலே என் பெயர். நாய்க்கு என்று நினைத்து ஒதுக்கப் பார்த்தேன். ஆனால் வயது அறுபத்து மூன்று என்று போட்டிருந்தது. 'சத்தம் போடுவது பயத்தினால்தான். கடிக்க மாட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தால் போதும்.' இந்த முறை மறக்காமல் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒரே ஒரு வரி. 'எடை ஏறினாலும் பரவாயில்லை. பேச்சு குறைந்தால் உடனே எனக்குச் சொல்லவும்.' நான் கீழே இறங்கிப் போய், "பேச்சு குறைஞ்சு நாலு நாளாச்சும்மா" என்று அவளிடம் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை வரைக்கும் எதற்கு என்று அந்த நிறுவனத்துக்குச் சம்மதக் கடிதத்தையும் இப்போதே எழுதிவிட்டாள். நான் தேடி எடுத்த உறையில்தான் அது போகிறது, வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. உங்களுக்கு வேறு உறை வாங்கிக்கொண்டு வருகிறேன். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துவிடவும். பலகையை மட்டும் கழற்றுவதாக இல்லை. யாராவது கேட்டால் நான் விளக்கிக்கொள்கிறேன், எனக்குப் பழக்கம்தான்.