ரசத்துக்கு ஏற்ற உலோகம்

"ஏன்னா, இந்த வாரமும் ரசம் சரியில்லையே?" என்றாள் நாகலட்சுமி.

பட்டாபி தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பாத்திரம் புதுசோல்லியோ, பழகணும்."

பழகட்டும் என்று விட அவளால் முடியாது. துறைமுகத்தில் அவளுக்கு வேலையே எந்த இடத்துக்கு எந்த உலோகம் என்று தேர்ந்தெடுப்பதுதான். உப்புத் தண்ணீரோ, ஹூக்ளி ஆற்றுச் சேறோ, எதிலும் அரிக்காததைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். அப்படிப்பட்டவள் சில வாரங்களுக்கு முன் ஒருநாள் வீட்டு ஈயச் சொம்பை உற்றுப் பார்த்தாள்.

"இதுல காரீயம் கலந்திருந்தா? புளி அதைக் கரைச்சு வயத்துக்குள்ள அனுப்பிடும்!"

அன்றே சொம்பைப் பாத்திரக்காரியிடம் தள்ளிவிட்டு, கைக்கடங்காத வாயகன்ற எவர்சில்வர் சட்டி ஒன்று வாங்கினாள்.

அது பட்டாபியின் சொம்பு. ஞாயிற்றுக்கிழமை ரசம் அவன் பொறுப்பு. அவள் வாரத் துணியைத் துவைத்து மாடியில் உலர்த்திவிட்டு வருவதற்குள் ரசம் தயாராக மணக்கும். அன்று ஒருநாள்தான் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பேச்சு ரசத்தில் தொடங்கி எங்கெங்கோ போகும். இப்போது தொடங்கவே இல்லை.

எவர்சில்வரில் ரசம் அடிப்பிடித்தது. "உப்பும் புளியும் சேர்ந்தா சாதா எவர்சில்வர் தாங்காதுன்னா," என்று ஹாவ்ராவில் ஒரு பட்டறையில் சொல்லி, மாலிப்டினம் சேர்த்த எஃகில் ஒரு பாத்திரம் அடித்து வாங்கினாள்.

"தீதி, இது எந்தக் கப்பலுக்கு?" என்றான் வங்காளிப் பட்டறைக்காரன்.

அதைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. ரசமோ புளித்த வெந்நீராக வந்தது. விடுவாளா? அடுத்து டைட்டானியத்தில் ஒரு கிண்ணம். கடலில் போட்டாலும் கறுக்காது.

"ரெண்டு கரண்டிதான் கொள்ளும்போல இருக்கே, நாகு."

கோளாறைக் கண்டுபிடித்தே தீருவதென்று, துணியை ஊறப்போட்டுவிட்டு லிட்மஸ் தாளும் கையுமாக அடுப்படியிலேயே நின்றாள். பட்டாபிக்கு வியர்த்தது. கடுகு கருகியது.

"நீ மாடிக்குப் போயேன்."

"தப்பு எங்கேன்னு தெரிய வேண்டாமா?"

அன்று அவன் வெறும் மோர் சாதம் சாப்பிட்டு எழுந்தான். "இனிமே ரசமே வேண்டாம், நாகு."

வீட்டிலிருந்த ஒரே சந்தோஷத்தைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிட்டோமே என்று நாகலட்சுமிக்கு அழுகையாக வந்தது. உலோகமாவது மண்ணாங்கட்டியாவது! காரீயமே கலந்திருந்தாலும் சரி, அதே மாதிரி ஒரு ஈயச் சொம்பு வாங்கி அவன் கையில் கொடுத்துவிட வேண்டும்.

மறுநாள் லேக் மார்க்கெட் முழுக்க அலைந்தாள். கிடைக்கவில்லை. கடைசியில் மார்க்கெட் மூலையில் கருப்பையா என்பவர் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் ஏறி விசாரித்தாள். அந்தக் கடைக்கு அவள் வந்ததே இல்லை.

"ஏங்க, இந்தப் பக்கம் ஈயச் சொம்பு எங்க கிடைக்கும்?"

கருப்பையா யோசித்தார். "தெரியலியேம்மா. நான் பார்த்தது பாலிகஞ்ச் பட்டாபி சார் கையில மட்டுந்தான். ஞாயிறு தவறாம நம்ம கடை ரசத்தை அதுல வாங்கிட்டு ஓடுவாரு. 'எம் பொண்டாட்டி வாயால நல்லாயிருக்குன்னு சொல்றது இது ஒண்ணுக்குத்தான்யா, கூடக் கொஞ்சம் ஊத்து'ம்பாரு, பாவம்."