காலி வீட்டுக்குக் கூரை நிதி

வறுமையை அளப்பது சாமானியக் காரியம் அல்ல என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டிருந்த காலம் அது. வருமானம் எவ்வளவு என்று கேட்டால் எல்லோரும் பொய் சொன்னார்கள். இருப்பவர்கள் குறைத்துச் சொன்னார்கள். இல்லாதவர்கள் வெட்கப்பட்டுக் கூட்டிச் சொன்னார்கள்.

இந்தச் சிக்கலைத் தீர்த்து வைத்தவர் வறுமை அளவீட்டு அலுவலகத்தின் மூத்த உதவியாளர். எதையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார் என்பதால் அவருக்குத் ‘துல்லியம்’ என்று பட்டப்பெயர். கேலியாக வைத்த பெயர்தான். ஆனால் அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

“மனுஷன் பொய் சொல்வான் சார், பொருள் சொல்லாது” என்றார் கூட்டத்தில். “வீட்டுக்குள்ள போய்ச் சாமானை எண்ணி மதிப்பெண் போட்டுடுவோம். நிறைய இருந்தா பணக்காரன். ஒண்ணும் இல்லேன்னா ஏழை.”

“சாமான் வேலை செய்யணுமா?” என்று இயக்குநர் கேட்டார்.

“அதையெல்லாம் பார்த்தா முடியாது சார். இருக்கா, இல்லையா, அவ்வளவுதான்.”

இயக்குநர் எழுந்து கைகொடுத்தார். பட்டியலில் முதலிடம் பெறும் ஏழைக்குக் கூரை நிதி என்றும் முடிவானது. துல்லியத்துக்குத் தலைகால் புரியவில்லை. அவருடைய அக்கா வீட்டுக் கூரை வெகுநாளாக ஒழுகிக்கொண்டிருந்தது. யாரிடமும் பல்லைக் காட்டாமல், விதிப்படியே அவளுக்கு ஒரு நல்லது நடக்கப்போகிறது!

முதலில் பஞ்சாலை முதலாளியின் மாளிகைக்குப் போனார். அந்த ஆண்டு வசதி படைத்தவர்களிடையே ‘வெறுமை வாழ்க்கை’ என்றொரு மோகம் பரவியிருந்தது. முதலாளியும் அதற்கென்று ஓர் ஆலோசகரை அமர்த்தி, அவருக்குக் கொட்டிக் கொடுத்து, வீட்டிலிருந்த சகலத்தையும் வெளியேற்றியிருந்தார். இருந்த ஒரு பாயும் ஆலோசகருடையது.

“நாற்காலிகூட இல்லையா ஐயா?”

“எதுக்கு? வேணும்னா வாங்கிக்கலாமே.”

துல்லியம் மனமுருகிப் பூஜ்யம் போட்டார்.

அடுத்து அக்கா வீடு. ஒரே அறை. உள்ளே நுழைய உடம்பை ஒடுக்க வேண்டியிருந்தது. யாரோ வேண்டாமென்று கொடுத்த ஓடாத பிரிட்ஜ், அதற்குள் மடித்து வைத்த துணிகள். சத்தம் மட்டும் வரும் டிவி, அதன்மேல் படம் மட்டும் வரும் டிவி. கால் உடைந்த நாற்காலிகள், அவள் தைத்துப் பிழைக்கும் மெஷின், ஒழுகும் இடத்திலெல்லாம் வாளி.

“எதுக்கு அக்கா இவ்வளவு குப்பை?”

“தூக்கிப் போட்டுட்டு நாளைக்கு வேணும்னா எவன்டா வாங்கித் தருவான்?”

எண்ணி முடித்தபோது துல்லியத்துக்கு வியர்த்துக் கொட்டியது. விதிப்படி அக்கா அந்த வட்டாரத்திலேயே பெரிய பணக்காரி. விதியை வகுத்தவரே அதை மீறலாமா? கூடவே கூடாது. ஆனால் அக்காவை விதிக்குள் கொண்டுவரலாமே!

“எல்லாத்தையும் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடு. நான் மறுபடி வந்து எண்ணுறேன்.”

“மெஷினையுமா?”

“அதுக்குத்தான் மதிப்பெண்ணே அதிகம்.”

“அதை வச்சுத்தானேடா மூணு வயிறு நிறையுது?”

“கூரை வரட்டும், புதுசாவே வாங்கிக்கலாம். நான் சொல்றேன்ல?”

படித்த தம்பி, அரசாங்க உத்தியோகம். அக்கா நம்பினாள். மெஷினை வண்டியில் ஏற்றும்போது மட்டும் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறு எண்ணிக்கையில் சுத்தமான பூஜ்யம். துல்லியம் கோப்பைத் தூக்கிக்கொண்டு இயக்குநரிடம் ஓடினார்.

“நிதி கொடுத்தாச்சே” என்றார் இயக்குநர். “பட்டியல்ல முதலாளிதான் முதல்.”

“அவர் கூரைக்கு என்ன சார் குறை?”

“ஆகாயம் தெரியலையாம். வெறுமைக்கு அது ரொம்ப அவசியமாம். நடுக்கூடத்துல கூரையைப் பிரிச்சுட்டார். கூரை நிதி கூரைக்குத்தான் செலவாகியிருக்கு. தணிக்கையில ஒண்ணும் கேட்க முடியாது.”

“எங்க அக்கா வீட்டுக் கூரை தானாவே பிரிஞ்சு கிடக்கு சார்!”

“பார்த்தீங்களா? அவர் நிதி வாங்கிச் செஞ்சுக்கிட்டதை உங்க அக்கா காசு செலவில்லாமலே வச்சிருக்காங்க. இதுல யார் வசதியானவங்க? இருக்கா, இல்லையா, அவ்வளவுதான்னு நீங்கதானே சொன்னீங்க?”

துல்லியம் எங்கே குற்றம் காணலாம் என்று யோசித்துப் பார்த்தார். தர்க்கம் முழுக்க அவருடையது. கச்சிதமாக இருந்தது.

அந்த வாரம் மழை கொட்டித் தீர்த்தது. வாளிகூட இல்லாத வீட்டில் எவ்வளவு நேரம் நனைவது? அக்கா இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கே வந்துவிட்டாள். கதவைத் திறந்த துல்லியத்துக்கு அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மாத அறிக்கையில் அக்காவின் வீடு ‘ஆளில்லை’ என்று பதிவானது. ஆளில்லாத வீட்டில் ஏழை எப்படி இருக்க முடியும்? அவளைப் பார்த்துத் தெருவே சாமான்களை விற்றுவிட்டு, அவளைப் போலவே நனைந்து, கிடைத்த உறவுக்காரர் வீடுகளில் போய் ஒண்டியிருந்தது. ஆக, வறுமை ஒழிந்தது. பழைய சாமான் வியாபாரம் பெருகியதால் வளர்ச்சியும் ஏறியது.

துல்லியத்துக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். கைதட்டிய ஊழியர்களில் பலர் வீட்டிலும் அக்காவோ தம்பியோ குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தார்கள். இருந்தாலும் மேலதிகாரி பார்க்கும்படி பலமாகவே தட்டினார்கள்.

வீட்டில் அக்கா சான்றிதழை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். “‘அந்தத் தெருவில் வறுமையை அடியோடு அகற்றியமைக்காக.’”

துல்லியம் தலையைக் குனிந்துகொண்டார்.

“எதுக்குடா மூஞ்சியைத் தொங்கப் போடற? சரியாத்தான் எழுதியிருக்காங்க. அங்கே இப்ப ஒரு ஏழையும் இல்லை. நாம எல்லாரும் இங்கதானே இருக்கோம்? கொஞ்சம் தள்ளு, பசங்க படுக்கணும்.”